யாரும் வரவில்லை என்பதை ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று ஏன் சொல்லக் கூடாது?

குமுளி மாடிவீடு:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அறைகளைச் சுத்தம் செய்ய, மலைக்குக் கீழே லோயர் கேம்ப் என்ற ஊரிலிருந்து வரும் அக்காவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வாசிக்க வரும். அவரும் என்னோடு சேர்ந்து ஆங்கிலம் பழகுகிறார். பதில் எழுதுகிறவர்களும் அப்படியே எழுதினால் எங்கள் இரண்டு பேருக்குமே உதவியாக இருக்கும்.

நான் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி குமுளிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாடியில் இரண்டு அறை கட்டி, தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான் படித்தேன். இங்கே கடைத்தெருவில் மலையாளம், வீட்டுக்குள் தமிழ், மாடியில் ஆங்கிலம் என்று நாள் ஓடுகிறது. வெந்நீர், காலைச் சாப்பாடு, படகு டிக்கெட், கம்பத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு, இதற்கெல்லாம் என் ஆங்கிலம் போதும். நான் மாட்டிக்கொள்வது எப்போதும் ஒரே இடத்தில்தான். யாரோ, யாராவது, யாரும், எல்லாரும். ஏதோ, ஏதாவது, எதுவும். இந்த வார்த்தைகள் வந்தாலே நாக்கு நின்றுவிடுகிறது.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய நண்பர்கள் இரண்டு பேர், ஆக நாலு பேர் வந்து தங்கினார்கள். ஒருநாள் காலையில் மூங்கில் தெப்பத்தில் போகக் காட்டுக்குள் போனார்கள். சாயங்காலம் நல்ல மழை. கணவனும் மனைவியும் திரும்பி வந்து மாடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர்கள் ஏலக்காய் வாங்குவதற்காகக் கடைத்தெருவில் இறங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் அந்தக் கணவன் மனைவியின் மகள் வெளிநாட்டிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டு, ‘இஸ் எவ்ரிபடி பேக்?’ என்று கேட்டாள். இன்னும் எல்லாரும் வரவில்லை, இரண்டு பேர் வரவேண்டியிருக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘எவ்ரிபடி நாட் கம்’ என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள் போல. நான் மாடிக்கு ஓடி, கதவைத் தட்டி, அவள் அம்மா கையில் போனைக் கொடுக்கும்வரை அந்த அழுகை நிற்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு சங்கடமாக இருக்கிறது.

இன்னொன்று, பால்கனியில் மாட்டியிருந்த போர்டு. அங்கே யாரும் சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, வைத்தால் குரங்கு கூட்டமாக வந்துவிடும். அதனால் ‘எனிபடி ஷுட் நாட் கீப் ஃபுட் ஹியர்’ என்று பெயின்டில் எழுதி மாட்டினோம். தங்க வந்த ஒரு ஆங்கில டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘நோபடி ஷுட் கீப் ஃபுட் ஹியர்’ என்று எழுதி, தனியாகக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். காதுக்குச் சரியாகப் படவில்லை என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் நோட்டில், நேர் வாக்கியத்துக்கு ‘சம்’, எதிர்மறைக்கும் கேள்விக்கும் ‘எனி’ என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த விதிப்படி பார்த்தால் என் போர்டு சரிதானே? அதில் ‘நாட்’ இருக்கிறது, ‘எனி’யும் இருக்கிறது. பிறகு ஏன் தப்பு? மனப்பாடம் பண்ணச் சொல்லாமல், காரணம் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பீர்மேடு பழைய வாத்தியார்:

அம்மா, உங்கள் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. விதியைச் சரியாகப் பின்பற்றியும் தப்பு வருகிறது என்றால், விதி பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பீர்மேடு தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு 31 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு ஜூலை மாத மழையில், வகுப்பில் பாதி பெஞ்சு காலி. மேல் லயத்துப் பிள்ளைகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்) எங்கே என்று கேட்டேன். வகுப்புத் தலைவன் எழுந்து நின்று, ‘சார், எனிபடி டிட் நாட் கம்’ என்றான். நோபடி கேம் என்று திருத்தினேன். ஏன் சார் என்று கேட்டான். அப்படித்தான் சொல்லவேண்டும், உட்கார் என்றேன். அந்தப் பையனுக்குக் காரணம் சொல்லாமல் விட்டது எனக்குப் பல வருடம் உறுத்தலாக இருந்தது. உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தமிழைப் பாருங்கள். யார் என்பது கேள்விச் சொல். அதனோடு ஓ சேர்ந்தால் யாரோ. ஆவது சேர்ந்தால் யாராவது. உம் சேர்ந்தால் யாரும். இந்த யாரும் என்ற சொல்லுக்குள் இல்லை என்ற பொருள் கிடையாது. இல்லை என்பது வாக்கியத்தின் கடைசியில், வினையில் இருக்கிறது. யாரும் வரவில்லை, யாரும் வைக்கக் கூடாது. ஆனாலும் யாரும் என்று ஆரம்பித்த உடனேயே, கடைசியில் ஒரு இல்லையோ கூடாதோ வரப்போகிறது என்று கேட்கிற தமிழருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து பழகிய காது, அது காத்திருக்கும்.

ஆங்கிலக் காது அப்படிக் காத்திருக்காது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘எனிபடி’ என்று கேட்டதும் அது ‘யார் வேண்டுமானாலும்’ என்று எடுத்துக்கொள்ளும். ‘எனிபடி கேன் கம்’ என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். உங்கள் போர்டைப் படித்தவருக்கு, யார் வேண்டுமானாலும் என்று முதலில் ஒரு கதவு திறந்து, பின்னால் ‘ஷுட் நாட்’ வந்து அந்தக் கதவை இழுத்துச் சாத்துகிறது. அதைத்தான் அந்த டீச்சர் காதுக்குச் சரியாகப் படவில்லை என்றார்.

அதனால் நோட்டில் இருக்கும் விதியோடு இன்னொரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: எதிர்மறை முன்னால் வரவேண்டும், ‘எனி’ அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’ சரி. நாட் முதலில், எனிபடி பின்னால். நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் யாரும் என்பதே எழுவாயாக முதலில் நிற்கும்போது நாட்டுக்கு அதன் முன்னால் இடம் இல்லை. அப்போது ஆங்கிலம் அந்த நாட்டை எழுவாய்க்குள்ளேயே கரைத்துவிடுகிறது. நாட்டும் எனிபடியும் சேர்ந்து நோபடி ஆகிவிடும். வினை நேர்வினையாகவே இருக்கும். யாரும் வரவில்லை, ‘நோபடி கேம்’. எதுவும் மிச்சமில்லை, ‘நத்திங் இஸ் லெஃப்ட்’. தமிழில் கடைசியில் இருக்கும் இல்லையைத் தூக்கி ஆங்கிலத்தில் முதல் சொல்லில் வைக்கிறோம், அவ்வளவுதான். பொருள் மாறவில்லை, இல்லை இருக்கும் இடம் மாறுகிறது.

ஒன்று மட்டும் கவனம். நோபடி என்று ஆரம்பித்த பிறகு, பழக்கத்தில் மறுபடியும் ஒரு நாட் போட்டுவிடக் கூடாது. ‘நோபடி டிட் நாட் கம்’ என்றால், வராதவர் யாருமில்லை, அதாவது எல்லாரும் வந்தார்கள் என்று ஆகிவிடும். பழைய காலத்து ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறை வரும். இன்றைக்கும் சில வட்டாரப் பேச்சில் உண்டு. ஆனால் நாம் படிக்கிற, தேர்வில் எழுதுகிற ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது அந்தப் போன் விஷயம். அதில் உங்கள் மேல் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை அம்மா, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். ‘எவ்ரிபடி’யையும் ‘நாட்’டையும் அந்த வரிசையில் வைத்தால் ஆங்கிலத்தில் பிறந்தவர்களுக்கே இரண்டு விதமாகக் கேட்கும். ஒருவரும் வரவில்லை என்றும் கேட்கலாம், எல்லாரும் வந்து சேரவில்லை, சிலர் வந்தார்கள் என்றும் கேட்கலாம். அப்பா அம்மாவைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுக் கவலையோடு இருக்கும் பெண்ணின் காது மோசமானதைத்தான் முதலில் எடுக்கும். நாட்டைத் தூக்கி எவ்ரிபடிக்கு முன்னால் வைத்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது. ‘நாட் எவ்ரிபடி இஸ் பேக்.’ எல்லாரும் இல்லை, சிலர் என்று பளிச்சென்று தெரியும். அதைவிட நல்லது, எண்ணிக்கையைச் சொல்லிவிடுவது: ‘டூ ஆர் பேக், டூ ஆர் அட் தி மார்க்கெட்.’ உயிர் பற்றிய கவலை இருக்கும் இடத்தில் எவ்ரிபடியும் வேண்டாம், நோபடியும் வேண்டாம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் சொல்லுங்கள்.

யாரோ, யாராவது இரண்டையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாரோ என்றால் ஆள் உண்டு, இன்னார் என்று தெரியாது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், ‘சம்படி இஸ் நாக்கிங்’. யாரோ வந்தால் எப்போதும் சம்படிதான், அதில் குழப்பமே இல்லை. யாராவது என்பதுதான் இரண்டாகப் பிரிகிறது. யாராவது கதவைத் திறங்கள் என்று வேலை சொன்னால் ‘சம்படி ஓபன் தி டோர்’. யாராவது வந்தார்களா என்று கேட்டால் ‘டிட் எனிபடி கம்?’ யாராவது கூப்பிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்ற ‘இஃப்’ வாக்கியத்திலும் பெரும்பாலும் எனிபடி. சம்ஒன், சம்படி இரண்டுக்கும் அர்த்தத்தில் வித்தியாசம் இல்லை, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லலாம். எழுதும்போது நோ ஒன் மட்டும் இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கும், நோபடி ஒரே சொல். மகளிடம் சொல்லிவையுங்கள், தேர்வில் இதற்கு மார்க் போகும்.

நகரி தறிவீடு:

வாத்தியார் சார் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் நகரி. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு, அப்பா விசைத்தறி வைத்திருந்தார். நான் தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறேன். தெலுங்கிலும் இதே கட்டுமானம்தான். எவரோ வச்சாரு என்றால் யாரோ வந்தார்கள். எவரூ ராலேது என்றால் யாரும் வரவில்லை. இல்லை கடைசியில். அதனால் எங்கள் ஷிப்டில் தமிழ்ப் பையன், தெலுங்குப் பையன் எல்லாரும் ‘எனிபடி டிட் நாட் கம் சார்’ என்றே சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்களிடம் ஜப்பானிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் இருந்தார். அவரும் அச்சு அசலாக இதே தப்பைச் செய்வார். ஒருநாள் டீ குடிக்கும்போது அவர் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தரெ என்றால் யார். அதோடு கா சேர்த்துத் தரெக்கா என்றால் யாரோ, யாராவது. மோ சேர்த்துத் தரெமோ என்றால் யாரும். தரெமோ சொன்னால் வினை கடைசியில் இல்லை என்று முடியவேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவருக்கும் நமக்கும் கடல் நடுவில் இருக்கிறது, ஆனால் கேள்விச் சொல்லில் வால் சேர்க்கிற முறை ஒன்று, இல்லையைக் கடைசியில் வைக்கிற பழக்கம் ஒன்று, ஆங்கிலத்தில் தப்பு செய்கிற இடமும் ஒன்று. அக்கா, இது உங்கள் அறிவில் குறை இல்லை. நம் மொழி நடக்கிற திசை அது. இதை லோயர் கேம்ப் அக்காவிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

போர்டு பற்றி வாத்தியாரோடு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ‘நோபடி ஷுட் கீப் ஃபுட் ஹியர்’ இலக்கணத்தில் சரி. ஆனால் ஆங்கிலத்தில் போர்டு எழுதுகிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். படிக்கிறவரைப் பார்த்து நேராகச் சொல்வார்கள். ‘ப்ளீஸ் டு நாட் லீவ் ஃபுட் ஹியர்.’ மெஷின் மேல் ஒட்டுகிற எச்சரிக்கை எல்லாமே ‘டு நாட் டச்’ என்றுதான் இருக்கும். தமிழில் நாம் ‘யாரும் உள்ளே வரக் கூடாது’ என்று பொதுவாகச் சொல்வது மரியாதை. முகத்துக்கு நேராக வராதே என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் அந்த மரியாதையை ‘ப்ளீஸ்’ பார்த்துக்கொள்ளும். அதனால் போர்டில் யாருமே வேண்டாம், தூக்கிவிடுங்கள்.

கேள்வியில் எப்போதுமே எனிதான் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் ஷிப்டில் ஒரு மெஷினின் செட்டிங் மாறியிருந்தது. நான் ‘டிட் சம்படி சேஞ்ச் திஸ்?’ என்று கேட்டேன். கூட இருந்த பையன் முகம் சுருங்கிவிட்டது. ‘சம்படி’ என்று கேட்டால், யாரோ மாற்றியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘டிட் எனிபடி சேஞ்ச் திஸ்?’ என்றால் நிஜமாகவே தெரியாமல் கேட்கிற கேள்வி. அன்றையிலிருந்து நான் கேட்கும்போது பார்த்துத்தான் கேட்கிறேன்.

குமுளி மாடிவீடு:

வாத்தியார் சாருக்கும் நகரி தம்பிக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து இரண்டு பதிலையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜப்பான்காரர் கதையைக் கேட்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சேச்சியும் அப்போது இருந்தார். மலையாளத்திலும் ஆரோ, ஆரெங்கிலும், ஆரும் என்றுதானே சொல்கிறோம், ஆரும் வந்நில்ல என்றுதானே முடிக்கிறோம், நான்கூட இத்தனை நாள் எனிபடி டிட் நாட் கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம் பாக்கி. சாயங்காலம் வந்தவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமா என்று கேட்க, ‘டு யூ வாண்ட் ஹாட் எனிதிங்?’ என்பேன். புரிந்துகொள்கிறார்கள், ஆனால் சரியில்லை என்று தெரிகிறது. முக்கால்வாசிப் பேர் நோ தேங்க்ஸ் என்று சொல்லிவிடுகிறார்கள், அவர்கள் குளிரில் நடுங்குவது எனக்குத் தெரிகிறது. அடுத்தது, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்பதற்கு ‘எவ்ரிபடி ஹேவ் கம்’ என்கிறேன். மகள் ‘ஹேஸ்’ என்கிறாள். எல்லாரும் என்றால் பல பேர்தானே? பல பேருக்கு எப்படி ஹேஸ்?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:

அக்கா, நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வுக்கு இரண்டு தடவை படித்தவள். முதல் தடவை என்னைக் கவிழ்த்ததே இந்த எவ்ரிபடிதான். உங்கள் மகள் சொல்வது சரி.

எவ்ரி என்பது ஒவ்வொரு. எவ்ரிபடிக்கு எல்லாரும் என்று தமிழ் போட்டுப் படிப்பதால்தான் குழப்பம். ஒவ்வொருத்தர் என்று போட்டுப் பாருங்கள். ஒவ்வொருத்தராகப் பார்க்கும்போது எதிரில் நிற்பது ஒருத்தர். அதனால் வினை ஒருமை, ‘எவ்ரிபடி ஹேஸ் கம்’. எல்லாரும் என்ற கூட்டத்தைச் சொல்லவேண்டும் என்றால் ‘ஆல் ஆஃப் தெம் ஹேவ் கம்’ என்று சொல்லலாம், அங்கே பன்மை. சம்படி, எனிபடி, நோபடி, சம்திங், நத்திங் எல்லாமே ஒருமை வினைதான்.

ஆனால் ஒரு விநோதம் இருக்கிறது. வினை ஒருமையாக இருந்தாலும், அவரவர் என்று திருப்பிச் சொல்லும்போது ‘தெர்’ வரும். எல்லாரும் அவரவர் குடையை எடுத்துக்கொண்டார்கள், ‘எவ்ரிபடி டுக் தெர் அம்ப்ரெல்லா’. இதைப் புதுசு என்று சிலர் சொல்வார்கள், உண்மையில் ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற வழக்கம். ‘ஹிஸ்’ போடவேண்டும் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும், ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் அது பொருந்தாது. தமிழில் நாம் ‘யாரோ வந்திருக்கிறார்’ என்று பலர்பாலில் ஒருத்தரைச் சொல்வது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வால் கேள்வியிலும் இதேதான்: ‘நோபடி கால்ட், டிட் தே?’ யாரும் கூப்பிடவில்லையே?

சூடாக ஏதாவது. தமிழில் சூடாக முன்னால் வரும். ஆங்கிலத்தில் நல்ல காபி, ‘குட் காஃபி’, அங்கேயும் முன்னால்தான். ஆனால் சம்திங்கில் சம் ஏற்கெனவே திங்கோடு ஒட்டிக்கொண்டு முன்னிடத்தைப் பிடித்துவிட்டது. நடுவில் நுழைய வழியில்லை. அதனால் ஹாட் பின்னால் போய் நிற்கும், ‘சம்திங் ஹாட்’. சாம்வன் நியூ, நத்திங் சீரியஸ் எல்லாம் இப்படித்தான். வேறு என்பதற்கும் அதே இடம்: வேறு ஏதாவது, ‘எனிதிங் எல்ஸ்’. வேறு யாரோ ஒருத்தருடைய பை என்றால் உடைமைக் குறி எல்ஸோடு போய்ச் சேரும், ‘சம்ஒன் எல்ஸஸ் பேக்’.

இப்போது நோ தேங்க்ஸ் விஷயம். நகரி அண்ணா சொன்ன அதே காரணம் இங்கே உங்களுக்கு உதவும். எதையாவது நீட்டி உபசரிக்கும்போது கேள்வியாக இருந்தாலும் ‘சம்’ போடுங்கள். ‘வுட் யூ லைக் சம்திங் ஹாட்?’ என்றால், அடுப்பில் இருக்கிறது, சாப்பிடுங்கள் என்ற அன்பு அதில் இருக்கிறது. ‘டு யூ வாண்ட் எனிதிங்?’ என்றால் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதாக ஆகிவிடும், உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று அவர்கள் வேண்டாம் என்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் நான் நோயாளியிடம் சம் போட்டுக் கேட்க மாட்டேன். ‘ஆர் யூ அலர்ஜிக் டு எனிதிங்?’ என்றுதான் கேட்பேன். பதில் எதுவாகவும் இருக்கலாம், நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அங்கே முக்கியம்.

வாத்தியார் சார் சொன்ன இல்லையை முன்னால் வைக்கிற பழக்கத்துக்கு என் வேலையிலிருந்து ஒரு உதாரணம். ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி, கட்டிலில் என்பிஓ என்று அட்டை மாட்டுவோம். அது லத்தீன் சொற்களின் சுருக்கம், ஆங்கிலத்தில் ‘நத்திங் பை மவுத்’. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. நத்திங் முதல் சொல்லாக நிற்பதால் பாதி படித்தாலும் தடை தெரிந்துவிடும். ஒரு பாட்டிக்குத் துணையாக வந்திருந்த பேத்தி அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். ‘எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். எதுவும் என்பதைப் பார்த்துவிட்டு யாராவது கடைசி வரை படிக்காமல் போய்விட்டால் என்ன ஆவது? ‘கூடாது: தண்ணீர்கூட’ என்று தலைகீழாக எழுதி மாட்டினேன். தமிழ் வாத்தியார்கள் மன்னிக்கவேண்டும்.

பீர்மேடு பழைய வாத்தியார்:

மன்னிக்க என்ன இருக்கிறது அம்மா, அந்த இடத்தில் அதுதான் சரியான தமிழ். ஒரே ஒரு எழுத்துத் திருத்தம், நீங்கள் வேகத்தில் சாம்வன் நியூ என்று தட்டிவிட்டீர்கள், சம்ஒன் நியூ. லோயர் கேம்ப் அக்கா எழுத்துக்கூட்டி வாசிப்பார் என்பதால் சொல்கிறேன்.

நகரி தம்பி போர்டு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் வகுப்பறைக்காரன், வாக்கியத்தைத் திருத்தினேன். அவர் போர்டைத் திருத்தியிருக்கிறார். ஜப்பானிய மொழி விஷயம் எனக்குப் புதுசு. அந்த ஜூலை மாதத்துப் பையன் இப்போது மூணாறு பக்கம் ஜீப் ஓட்டுகிறான். கூப்பிட்டு முழுக் காரணத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சார், இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றான். சொல்லியிருக்கலாம்தான்.

குமுளி மாடிவீடு:

போர்டை இறக்கிப் பெயின்ட் அடித்துவிட்டோம். இப்போது ‘ப்ளீஸ் டு நாட் லீவ் ஃபுட் ஹியர்’, கீழே தமிழிலும் மலையாளத்திலும். தமிழ் வரியில் ‘யாரும்’ அப்படியே இருக்கிறது. நேற்று மழையில் நனைந்து வந்த இரண்டு பேரிடம், அக்காவே முந்திக்கொண்டு ‘வுட் யூ லைக் சம்திங் ஹாட்?’ என்று கேட்டார். சுக்குக் காபி இரண்டு டம்ளர், அப்புறம் இன்னும் ஒன்று போட்டுக் கொடுத்தோம்.

அந்த டிசம்பர் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அன்றைக்கு நான் சொல்ல நினைத்தது ‘நாட் எவ்ரிபடி’ என்று எழுதி, மகளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். மகளே பதில் அனுப்பினாள், அடுத்த வருடம் தானும் வருவதாக.

கடைசியாக ஒன்று சார். நாளைக்குக் காலையில் யார் யாருக்கு இட்லி வேண்டும் என்று கேட்கவேண்டும். ‘ஹூ ஹூ வாண்ட்ஸ் இட்லி’ என்கிறேன், மகள் கூடாது என்கிறாள். ‘ஹூ ஆல்’ என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எது சரி?

பீர்மேடு பழைய வாத்தியார்:

ஹூ ஆல் நம் நாட்டு ஆங்கிலத்தில் நன்றாகவே ஓடுகிறது, கேட்பவர் நம்மவர் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் வெறும் ‘ஹூ வாண்ட்ஸ் இட்லி?’ போதும். ஹூ ஒரே ஒரு தடவைதான். எத்தனை கை தூக்கினாலும் அந்த ஒரு ஹூவில் அடங்கிவிடும். வினை அங்கேயும் ஒருமைதான், வாண்ட்ஸ்.